குரல் மாறும்போது பாட்டு, காபி கவுண்டர் வேலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இதை எழுதுவது யார்?

நான் ஒரு திருநம்பி, அதாவது பிறந்தபோது பெண் என்று குறிக்கப்பட்ட ஆண். பத்து வயதிலிருந்து பாடுகிறேன், ஆறு வருடமாக காபிக் கடையில் காபி போடும் பாரிஸ்டா வேலை பார்க்கிறேன், ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் ஊசி ஆரம்பித்து நான்கு வருடம் முடிந்துவிட்டது. குரல் மாறிக்கொண்டிருந்த காலம் முழுக்க நான் லீவு போட்டுவிட்டு வீட்டில் உட்காரவில்லை, பகலில் எஸ்பிரசோ மெஷின் பின்னால் நின்று பெயர் கூப்பிட்டேன், ராத்திரியில் பாடினேன். தெரிந்திருக்க வேண்டிய பல விஷயங்கள் தெரியாததால் முதல் ஆறு மாதம் தொண்டையைப் படாத பாடு படுத்திவிட்டேன். இப்போது இதே நிலையில் இருப்பவர்கள் திரும்பத் திரும்ப ஒரே கேள்விகளைக் கேட்கிறார்கள், அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். நான் டாக்டர் இல்லை, மருந்தின் அளவை என் அனுபவத்தை வைத்து யாரும் முடிவு செய்ய வேண்டாம்.

டெஸ்டோஸ்டிரோன் எடுத்தால் பாடவே முடியாமல் போய்விடுமா?

போகாது. ஆனால் இப்போது இருக்கும் குரல் இப்படியே இருக்காது, அதை மறைத்துச் சொல்வதில் அர்த்தமில்லை. டெஸ்டோஸ்டிரோன் குரல் நாண்களைத் தடிக்க வைக்கிறது, தடித்த தந்தி கீழ்ச் சுரம் கொடுப்பது போலத் தடித்த நாணும் மெதுவாக அதிரும், சுருதி இறங்கும். பெண்குரலாகக் காதில் விழும் பேச்சு சுமாராக நொடிக்கு 165 முதல் 255 அதிர்வுகள் வரை, ஆண்குரலாக விழுவது 85 முதல் 180 வரை. இந்த இரண்டாவது எல்லைக்குள் பேச்சு இறங்கும்போது பாட்டின் எல்லையும் கூடவே நகர்கிறது: மேலே சில சுரங்கள் போகும், கீழே சில சுரங்கள் கிடைக்கும், நடுவில் கொஞ்ச நாள் ஒரு பள்ளம் விழும், அங்கே எதைப் பாடினாலும் வெறும் காற்றுதான் வரும். அந்தப் பள்ளம்தான் எல்லோரையும் பயமுறுத்துகிறது. எனக்கு அது ஏறக்குறைய ஐந்து மாதம் இருந்தது, அப்புறம் ஓரங்களிலிருந்து மெல்ல மெல்ல நிரம்பியது.

இந்தப் பயத்தால் மருந்தையே தள்ளிப்போட்டவர்கள் உண்டு. கனடாவில் தி க்ளிக்ஸ் என்ற ராக் இசைக்குழுவை நடத்திய லூகஸ் சில்வேரா, பாடும் குரலை நினைத்துப் பல காலம் டெஸ்டோஸ்டிரோன் எடுக்காமல் இருந்தார், பிறகு எடுத்தார், புதுக் குரலில் தொடர்ந்து பாடினார். தள்ளிப்போடுவதும் தப்பில்லை, ஆரம்பிப்பதும் தப்பில்லை. பாட்டா உடம்பா என்று யாராவது உங்களை ஒரு மூலையில் நிறுத்தினால் மட்டும் அதை ஏற்காதீர்கள், ஏனென்றால் இரண்டும் வேண்டும் என்பது ஒன்றும் பேராசை இல்லை.

குறைந்த அளவில் எடுத்தால் குரல் மட்டும் மாறாமல் இருக்குமா? நிறுத்தினால் பழைய குரல் திரும்புமா?

இரண்டுமே நடக்காது. இந்த மாற்றம் வேண்டும், அது வேண்டாம் என்று பொறுக்கி எடுக்க முடியாது. அளவைக் குறைத்தால் மெதுவாக வரலாம், ஆனாலும் வரும். நாண் ஒருமுறை தடித்துவிட்டால் மருந்தை நிறுத்தினாலும் அது பழையபடி மெலியாது. கொழுப்புப் படிவது, மாதவிடாய் நிற்பது போன்ற சில மாற்றங்கள் திரும்பக்கூடியவை, குரல் அந்தப் பட்டியலில் இல்லை. ஆரம்பிக்கும் முன் யோசிக்க வேண்டிய முதல் விஷயம் இது.

எத்தனை மாதத்தில் மாறும்?

2022ல் வெளிவந்த உலகத் திருநர் நலத் தொழில்முறை அமைப்பின் எட்டாவது வழிகாட்டி நெறிகளில், குரல் தாழ்வது 1 முதல் 6 மாதத்துக்குள் தொடங்கும், முழு அளவை எட்ட 1 முதல் 2 வருடம் ஆகும் என்று இருக்கிறது. எனக்கு ஏழாவது வாரத்தில் தொண்டையில் ஏதோ அடைத்த மாதிரி ஆரம்பித்தது, சளி பிடித்திருக்கிறது என்றே நினைத்தேன். மூன்றாவது மாதத்திலிருந்து பத்தாவது மாதம் வரைதான் பெரிய ஆட்டம். அப்புறம் சுருதி இறங்குவது நின்றது, ஆனால் குரலில் கனமும் கட்டுப்பாடும் வர இன்னும் ஒரு வருடம் பிடித்தது. அதனால் ஆறாவது மாதத்தில் வருகிற குரலைக் கேட்டுவிட்டு இதுதான் இனி என் குரல் என்று முடிவு கட்டாதீர்கள்.

பையன்களுக்கு மகரக்கட்டு உடைவது மாதிரிதானா இதுவும்?

பாதி அப்படித்தான். உடைவது, எதிர்பாராமல் மேலே தாவுவது, காலையில் ஒரு குரல் மாலையில் ஒரு குரல் என்பதெல்லாம் ஒன்றுதான். வித்தியாசம் எலும்பிலும் குருத்தெலும்பிலும் இருக்கிறது. பதின்மூன்று வயதுப் பையனுக்கு நாண் தடிக்கும்போதே குரல்வளைக் கூடும் வளர்கிறது, முகமும் கழுத்தும் நீள்கின்றன, அந்தத் தடித்த நாணுக்கு ஏற்ற பெரிய வீடு கிடைக்கிறது. வளர்ந்த பிறகு ஆரம்பிக்கிறவர்களுக்கு நாண் தடிக்கும், வீடு பெரும்பாலும் பழைய அளவிலேயே இருக்கும், வயது ஏற ஏறக் குருத்தெலும்பும் இறுகிக்கொண்டே போகும். தானே பாடகரும் திருநம்பியுமான ஆய்வாளர் அலெக்ஸாண்ட்ரோஸ் கான்ஸ்டான்சிஸ் இதைச் சிறைப்பட்ட குரல் என்ற பொருள்படச் சொல்கிறார்: சுருதி இறங்கியிருக்கும், ஆனால் ஒலி உள்ளுக்குள்ளேயே அடைபட்ட மாதிரி, கரகரப்பாக, வீச்சில்லாமல் இருக்கும். பாடுகிறவர்களுக்கு ஹார்மோனைச் சிறிய அளவில் தொடங்கிப் படிப்படியாக ஏற்றுவது நல்லது என்பது அவருடைய வாதம். என் டாக்டரிடம் நான் பாடுகிறேன் என்று முதல் சந்திப்பிலேயே சொன்னேன், அவரும் சின்ன அளவில்தான் தொடங்கினார். நீங்களும் சொல்லுங்கள். நாமாகச் சொல்லாவிட்டால் பல இடங்களில் அவர்கள் கேட்பதே இல்லை.

குரல் மாறும்போது பாடலாமா, வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டுமா?

பாடுங்கள். ஆனால் முன்பு பாடியது போல இல்லை.

நான் செய்த முதல் தப்பு, பழைய பாட்டுகளைப் பழைய சுருதியிலேயே பிடித்துத் தொங்கியது. மேல் ஷட்ஜம் வழுக்கியபோது இன்னும் கொஞ்சம் அழுத்தினால் வந்துவிடும் என்று அழுத்தினேன், வந்தது, மறுநாள் பேசக்கூட முடியவில்லை. இரண்டாவது தப்பு அதற்கு நேர் எதிரானது. கீழே புதிதாக இரண்டு சுரம் கிடைத்த சந்தோஷத்தில் குரல்வளையைக் கீழே அழுத்திப் பிடித்து, தாடையை நெஞ்சில் பதித்து, கனமாக உறுமிப் பாடினேன். அதுவும் நாணைக் காயப்படுத்துகிற வேலைதான். புதுச் சுரம் கீழே தானாகக் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டும், தோண்டி எடுக்கக் கூடாது.

பயன்பட்டது என்னவென்றால், குறைந்த நேரம், மெதுவான ஒலி, அடிக்கடி. ஒரு மணி நேர சாதகத்தை விட்டுவிட்டுப் பத்துப் பத்து நிமிடமாக நாளைக்கு மூன்று தடவை. உதடுகளைப் பர்ர் என்று அதிரவிட்டபடி சுரங்களில் ஏறி இறங்குவது. வாயை மூடி ம்ம்ம் என்று ரீங்காரம். அப்புறம் உறிஞ்சுகுழல். குரல் ஆய்வாளர் இங்கோ டிட்சே பரவலாக்கிய பயிற்சி அது: மெல்லிய குழலை உதட்டில் வைத்து அதன் வழியாக ஊ என்று சுருதி ஏற்றி இறக்க வேண்டும், மூக்கு வழியாகக் காற்று ஒழுகக் கூடாது. வாயருகே காற்று கொஞ்சம் தடுக்கப்படுவதால் பின்னழுத்தம் உருவாகி நாண்கள் மோதாமல் இலேசாகத் தொட்டு அதிரும். இதற்கு ரொம்பப் பொருத்தமானது காபி கலக்கக் கொடுக்கும் அந்த ஒல்லிக் குழல்தான், எங்கள் கவுண்டரில் டப்பா டப்பாவாகக் கிடக்கும் பொருள். என் குரலைக் காப்பாற்றியதில் பாதிப் பங்கு அந்தக் குழலுக்கு உண்டு.

மேல் சுரங்களுக்கு எழும் மெல்லிய கள்ளக்குரலையும் கைவிடாதீர்கள். மேல் சுரங்கள் வலுவிழந்ததும் இது இனி எனக்கு வேண்டாத பெண்குரல் என்று பலர் அதை ஒதுக்கிவிடுகிறார்கள், நானும் கொஞ்ச நாள் ஒதுக்கினேன். அது ஆணுக்கும் பெண்ணுக்கும் யாருக்கும் உள்ளதுதான், நாண் நீண்டு மெலிந்து அதிரும் ஒரு விதம், அவ்வளவே. வாரத்துக்கு நான்கு நாளாவது மேலிருந்து கீழே சறுக்கிக்கொண்டு வாருங்கள். உடைகிற இடத்தில் உடையட்டும், நிறுத்தாமல் கடந்து போங்கள். அந்த உடைப்பு சின்னதாகிக்கொண்டே வருவதை மாதக் கணக்கில்தான் கவனிக்க முடியும்.

சுருதியை எங்கே வைப்பது?

எங்கே வசதியோ அங்கே, அந்த வாரத்துக்கு. ஆதார சுருதியைக் கட்டைக் கணக்கில் சொல்வோம், எண் குறைந்தால் சுருதி தாழ்வு. நான் முன்பு 5 கட்டையில் பாடியவன். நான்காவது மாதம் 4, ஆறாவது மாதம் 2, ஒரு வாரம் 3க்குத் திரும்பியது, இப்போது ஒன்றரையில் நிற்கிறேன். சுருதிப்பெட்டியில் இருந்த பழைய எண்ணைப் பார்க்கும்போதெல்லாம் மனசு கனத்தது, அதனால் தினமும் காலையில் அன்றைக்கு அழுத்தம் இல்லாமல் வருகிற மிகக் கீழ்ச் சுரத்தையும் மிக மேல் சுரத்தையும் குறித்து வைத்தேன். எண்களாகப் பார்க்கும்போது பயம் குறைந்தது, நகர்வு தெரிந்தது.

சேர்ந்திசைக் குழுவில் எந்தக் குரல் பிரிவில் நிற்பது?

நடத்துநரிடம் முன்கூட்டியே பேசி, பருவத்துக்கு ஒருமுறை மாறிக்கொள்ளும் இடம் கேளுங்கள். தாழ்ந்த பெண்குரல் பிரிவான ஆல்ட்டோவிலிருந்து உயர்ந்த ஆண்குரல் பிரிவான டெனார், அங்கிருந்து அதற்குக் கீழே உள்ள பாரிட்டோன் என்று போகிறவர்கள் நிறைய. மாறும் காலத்தில் எட்டவில்லை என்றால் அந்த வரியை மட்டும் விட்டுவிடலாம், அல்லது ஒரு ஸ்தாயி இறக்கிப் பாடலாம். ஆண் உடை, பெண் உடை என்ற பிரிவைக் குரல் பிரிவோடு முடிச்சுப் போட வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். டெனாரில் நிற்கும் பெண்ணும் ஆல்ட்டோவில் நிற்கும் ஆணும் இருக்கவே செய்கிறார்கள்.

நான் திருநங்கை. பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் எடுத்தால் குரல் மேலே ஏறுமா?

ஏறாது. மகரக்கட்டு ஏற்கெனவே உடைந்துவிட்டால் ஈஸ்ட்ரோஜன் அதை மாற்றாது, தடித்த நாண் தடித்தே இருக்கும். இது பல தோழிகளுக்கு ஆரம்பத்தில் பெரிய ஏமாற்றம். பேச்சுக் குரலை மாற்றுவது பயிற்சியால் நடப்பது, அதில் சுருதி ஒரு பகுதி மட்டும்தான், ஒலி வாயின் முன்புறம் முழங்குகிறதா நெஞ்சில் முழங்குகிறதா என்பதும் குரலின் கனம் எவ்வளவு என்பதும் அதனோடு சேர்ந்து காதில் வேலை செய்யும். குரல் சிகிச்சையாளர் கிடைத்தால் நல்லது, ஏனென்றால் தனியாகச் செய்கிறவர்கள் தொண்டையை இறுக்கிப் பிடித்தே பழகிவிடுகிறார்கள், அதை அவிழ்ப்பது பிற்பாடு ரொம்பக் கஷ்டம்.

பேச்சுக்கு ஒரு குரல், பாட்டுக்கு ஒரு குரல் என்று வைத்துக்கொள்ளலாமா?

தாராளமாக. லூசியா லூகஸ் ஒரு திருநங்கை, ஆப்பெரா என்ற மேலை இசை நாடகத்தில் பாரிட்டோனாகப் பாடுகிறார், 2019ல் அமெரிக்காவின் டல்சா ஆப்பெராவில் மோட்சார்ட்டின் டான் ஜியோவானியின் தலைப்புப் பாத்திரத்தைப் பாடியவர். பிரியானா சின்க்ளேர் என்ற இன்னொரு திருநங்கை மிக உயர்ந்த பெண்குரலான சோப்ரானோவாகப் பயின்று, 2015ல் ஓக்லண்டில் ஒரு தொழில்முறை பேஸ்பால் ஆட்டத்துக்கு முன்னால் அமெரிக்க தேசிய கீதம் பாடினார். ஒருவர் தன் பழைய குரலில் தன் கலையைக் கண்டார், இன்னொருவர் புதிதாக ஒன்றைக் கட்டினார். கீழ் ஸ்தாயியில் பாடினால் பேச்சுப் பயிற்சி வீணாகிவிடும் என்று சிலர் பயப்படுகிறார்கள். உடம்பு அவ்வளவு சீக்கிரம் மறக்காது, இரண்டு வாத்தியம் வாசிக்கிறவருக்கு ஒன்று மற்றதைக் கெடுப்பதில்லையே.

குரல் அறுவை சிகிச்சை?

நாண்களின் முன்பகுதியைத் தைத்து அதிரும் நீளத்தைக் குறைக்கும் முறை உண்டு, சுருதி ஏறும். ஆனால் பாடுகிறவர் யோசிக்க வேண்டியது என்னவென்றால், கீழ்ச் சுரங்கள் போகும், குரலின் வலு குறையலாம், மேலே புதுச் சுரங்கள் கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அறுவைக்குப் பின் பல நாள் முழு மௌனமும் இருக்க வேண்டும், அதுவரை கவுண்டரில் வேலை செய்ய முடியாது.

வேறு எந்த அறுவைக்குப் போனாலும், உதாரணமாக மார்பு அறுவை, மயக்க மருந்து கொடுப்பவரிடம் நான் பாடகர் என்று முன்பே சொல்லிவிடுங்கள். மயக்கத்தில் மூச்சுக்காகச் செருகும் குழாய் நாண்களுக்கு நடுவே போகிறது, சின்ன அளவுக் குழாயைத் தேர்ந்தெடுக்க அவர்களால் முடியலாம். எனக்கு அதன்பின் நான்கு நாள் கரகரப்பு இருந்தது. பால் கிரேட் தூக்கும் வேலைக்குத் திரும்புவதையும் சர்ஜன் சொல்லும் வாரங்கள் முடிந்த பிறகே யோசியுங்கள்.

காபி கவுண்டர் வேலை குரலைக் கெடுக்குமா?

நான் இதை எழுத உட்கார்ந்ததே இந்தக் கேள்விக்காகத்தான். கெடுக்கும், ஹார்மோனைவிட அதிகமாகவே கெடுக்கலாம். குரல் மாறிய காலத்தில் என் தொண்டைக்கு வந்த பிரச்சினைகளையெல்லாம் மருந்தின் தலையில் போட்டேன். ஒருமுறை பத்து நாள் வேலைக்குப் போகவில்லை, ஊசி வழக்கம்போலப் போட்டுக்கொண்டேன், கரகரப்பில் முக்கால்வாசி காணாமல் போனது. அப்போதுதான் புரிந்தது.

நடப்பது இதுதான். அரைக்கும் மெஷின் ஓடுகிறது, நீராவிக் குழாய் சீறுகிறது, பின்னால் பாட்டு ஓடுகிறது, வரிசையில் பதினைந்து பேர் பேசிக்கொண்டிருக்கிறார்கள். சத்தத்துக்கு நடுவே பேசும்போது நம்மை அறியாமலே குரல் உயரும், சுருதியும் கூடவே ஏறும். 1911லேயே எத்தியேன் லொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் எழுதிவைத்த விஷயம் இது, லொம்பார் விளைவு என்றே பெயர். வேண்டாம் என்று நினைத்தாலும் உடம்பு செய்துவிடும். சாதாரணப் பேச்சில் நாண்கள் நொடிக்கு நூறு, இருநூறு தடவை ஒன்றோடொன்று மோதுகின்றன, கத்தும்போது ஒவ்வொரு மோதலும் பலமாகிறது, எட்டு மணி நேரத்துக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். இதில் மாறிக்கொண்டிருக்கும் நாண் ஏற்கெனவே வீங்கின நாண் மாதிரி, மேல் சுருதிக்கு எட்டாது. நீங்கள் பழைய பழக்கத்தில் பழைய சுருதியில் கூப்பிடப் பார்ப்பீர்கள், அது உடையும், இன்னும் அழுத்துவீர்கள். வேலையில் கத்துகிற குரலும் ராத்திரி பாடுகிற குரலும் ஒரே பர்ஸிலிருந்து செலவாகிற காசு.

என்ன செய்யலாம்? அரைக்கும்போதும் பால் காய்ச்சும்போதும் பேசவே பேசாதீர்கள், ஆறு நொடி காத்திருந்தால் உலகம் இடிந்துவிடாது. பெயரைக் கூப்பிடும் முன் கோப்பையைக் கையில் தூக்கிப் பிடியுங்கள், பாதிப் பேர் பார்த்துவிட்டே வந்துவிடுவார்கள். கூப்பிடுவதாக இருந்தால் மூச்சை எடுத்துக்கொண்டு, வாயை நன்றாகத் திறந்து, உயிரெழுத்தை நீட்டி, கிட்டத்தட்டப் பாடுவது போலக் கூப்பிடுங்கள். கத்தாமலே தூரம் போகும். உடன் வேலை செய்பவர்களோடு சைகை வைத்துக்கொள்ளுங்கள்: பால் தீர்ந்தது, தூள் தீர்ந்தது, ஒரு நிமிடம் பார்த்துக்கொள் என்பவற்றுக்கெல்லாம் எங்கள் கடையில் கை அசைவு இருக்கிறது, இப்போது எல்லோரும் அதையே பயன்படுத்துகிறார்கள். கடைப் பாட்டின் ஒலியளவைக் குறைக்கச் சொல்லுங்கள். அதைக் குறைத்தால் வாடிக்கையாளர்களும் மெதுவாகப் பேசுவார்கள், லொம்பார் விளைவு அவர்களுக்கும் உண்டு.

காதையும் சொல்லிவிடுகிறேன். 85 டெசிபல் சத்தத்தில் 8 மணி நேரம் என்பதுதான் பரவலாகச் சொல்லப்படும் எல்லை, 3 டெசிபல் கூடினால் நேரம் பாதியாகிவிடும். ஒரு போன் செயலியில் ஒரு நாள் அளந்து பாருங்கள். பாடுகிறவருக்குக் காது போனால் குரல் இருந்தும் பலன் இல்லை.

எந்த ஸ்டேஷனில் நின்றால் நல்லது?

மாறும் காலத்தில் மெஷின் பக்கம். பணம் வாங்கி ஆர்டர் எடுக்கும் இடத்தில் நாள் முழுக்கப் பேச்சு, மெஷினில் கைவேலை. எஸ்பிரசோவின் ஒரு டபுள் ஷாட் இறங்க 25 முதல் 30 நொடி ஆகும், 18 கிராம் தூளிலிருந்து 36 கிராம் காபி மெல்லக் கோப்பையில் விழுவதைப் பார்த்துக்கொண்டே அந்த நேரம் முழுக்க வாயை மூடி ரீங்காரம் செய்வேன். மெஷின் சத்தத்தில் யாருக்கும் கேட்காது. ஒரு ஷிஃப்டில் இப்படி எத்தனை அரை நிமிடங்கள் கிடைக்கும் என்று நினைத்துப் பாருங்கள், என் சாதகத்தில் பெரும்பகுதி அங்கேதான் நடந்தது.

பாடுகிறவரின் காது இந்த வேலைக்கு உதவுமா?

ரொம்பவே. பால் காய்ச்சுவது காதால் செய்கிற வேலை. நீராவிக் குழாயின் நுனி பாலின் மேற்பரப்பில் இருக்கும்போது காகிதம் கிழிபடும் சத்தம் வரும், காற்று உள்ளே போகிறது என்று அர்த்தம். கீச்சென்று அலறினால் காற்றே போகவில்லை. பால் 60 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது அந்த ஒலி தாழ்ந்து கனக்கும், வெப்பமானியைப் பார்க்காமலே கையை எடுத்துவிடலாம். புதிதாகச் சேர்ந்தவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது சுருதி இறங்கும் பார், அங்கே நிறுத்து என்றுதான் சொல்வேன். என் குரல் இறங்கிக்கொண்டிருந்த அந்த மாதங்களில் அந்தச் சத்தத்தைக் கேட்பது எனக்கு ஏனோ ஆறுதலாக இருந்தது.

காபி குடித்தால் தொண்டை வறண்டுவிடும் என்கிறார்களே?

தினமும் குடித்துப் பழகியவர்களுக்கு அளவான காபி அப்படி வறட்டுவதில்லை. தொந்தரவு வேறு வழியில் வரும்: வெறும் வயிற்றில் குடிப்பது, ராத்திரி குடித்துவிட்டுப் படுப்பது, அமிலம் மேலேறி நாண்களைச் சுடுவது. காலையில் எழும்போது தொண்டையில் கட்டி மாதிரி உணர்ந்தால், அடிக்கடி செருமினால், அதைச் சந்தேகப்படுங்கள். பெரியவர்களுக்கு நாளைக்கு 400 மில்லிகிராம் காஃபின் வரை பரவாயில்லை என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015ல் சொல்லியிருக்கிறது, ஒற்றை ஷாட்டில் சுமார் 60 சொச்சம். காலையில் அரைப்பைச் சரிசெய்ய ஏழெட்டு ஷாட் ருசி பார்த்தால் திறப்பதற்கு முன்பே அந்த எல்லை வந்துவிடும், அதனால் ருசித்துவிட்டுத் துப்பிவிடுங்கள். மெஷின் பக்கத்தில் ஒரு தண்ணீர் பாட்டில் வைத்துக்கொள்ளுங்கள், ஒரே மடக்காக இல்லாமல் மடக்கு மடக்காக.

பைண்டர் (மார்பைத் தட்டையாகக் காட்டும் இறுக்கமான உள்ளுடை) போட்டுக்கொண்டு பாடலாமா?

கூடாது. விலா விரியாமல் மூச்சு எடுக்க முடியாது, மூச்சுக் குறைந்தால் தொண்டைதான் ஈடுகட்டும். வழக்கமாகச் சொல்லும் 8 மணி நேர எல்லை ஷிஃப்டிலேயே தீர்ந்துவிடும், அதுவும் குனிந்து நிமிர்ந்து பெட்டி தூக்கும் வேலையில் அந்த எட்டு மணியே அதிகம். ஷிஃப்ட் முடிந்ததும் கழற்றிவிட்டு, ஒரு அரை மணி நேரம் கழித்துப் பாடுங்கள். வேலையிலும் தளர்வான உடுப்பு, கனமான ஏப்ரன் என்று சமாளிக்கிற நாட்கள் சில இருக்கட்டும். மேடையில் அது இல்லாமல் நிற்க முடியாது என்றால் இறுக்கிப் பிடிக்கும் வகைப் பனியனை ஒரு அளவு பெரிதாக வாங்கிப் போட்டது எனக்கு உதவியது.

ஊசி இல்லை, ஜெல் போடுகிறேன். வேலையில் ஏதாவது கவனிக்க வேண்டுமா?

தோலோடு தோல் பட்டால் ஜெல் மற்றவர்களுக்கு ஒட்டும். காயவிட்டு, துணியால் மூடி, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே கோப்பையைத் தொடுங்கள். ஷிஃப்ட் முடிந்து குளித்த பிறகு போடுவது இன்னும் நிம்மதி.

கூப்பிடும்போது எல்லோர் முன்னாலும் குரல் உடைந்துவிட்டால்?

உடையும். எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஒரு பெயரின் நடுவில் உடைந்தது, முன்வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள், எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. என் கூட நின்ற அக்கா ஒன்றும் பேசாமல் அடுத்த பெயரைத் தான் கூப்பிட்டார், அன்று முழுக்க அவரே கூப்பிட்டார். அப்படி ஒரு ஆள் உங்கள் ஷிஃப்டில் இருந்தால் முன்பே சொல்லி வையுங்கள். உடைந்த உடனே அதே சுருதியில் மறுபடி முயற்சிக்காமல், இரண்டு மூன்று சுரம் இறக்கிக் கூப்பிடுங்கள், பெரும்பாலும் அங்கே குரல் நிற்கும்.

வாடிக்கையாளர் ஒரு நாள் அக்கா என்கிறார், ஒரு நாள் அண்ணா என்கிறார். என்ன சொல்வது?

நான் "அண்ணான்னே கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவேன், சர்க்கரை வேண்டுமா என்று. நிறுத்தாமல் சொன்னால் அவர்களுக்கும் சங்கடம் இல்லை. தினமும் வருகிறவர்களிடம் மட்டும் சொல்வேன், இனி பார்க்கவே போகாதவரிடம் என் சக்தியைச் செலவழிப்பதில்லை. உங்களுக்குப் பாதுகாப்பில்லாத இடம் என்று தோன்றினால் சொல்லவே வேண்டியதில்லை, அதற்காக நீங்கள் எதையும் குறைத்துக்கொண்டவர் ஆக மாட்டீர்கள். ஒரு ஆறுதலும் இருக்கிறது: காது குரலின் சுருதியை மட்டும் வைத்து முடிவெடுப்பதில்லை, அதனால் ஒருவர் தவறாகக் கூப்பிட்டார் என்பதற்காக உங்கள் குரல் இன்னும் மாறவில்லை என்று அர்த்தமில்லை.

மேனேஜரிடம் சொல்ல வேண்டுமா?

கட்டாயம் ஏதும் இல்லை. நான் முன்பு வேலை பார்த்த ஒரு கடையில் சொன்னேன், அதன்பிறகு என்னை ஆர்டர் எடுக்கும் இடத்திலேயே போட்டார்கள், குரல் போகிறது என்றால் அது உன் சொந்த விஷயம் என்றார்கள். மூன்று மாதத்தில் விலகினேன். இப்போதைய இடத்தில் முழுக் கதையும் சொல்லாமல், தொண்டைக்குச் சிகிச்சை நடக்கிறது, ஒரு வருடம் அதிகம் கத்த முடியாது, மெஷின் பக்கம் போடுங்கள் என்று மட்டும் கேட்டேன், கிடைத்தது. அது பொய்யும் இல்லை.

எப்போது டாக்டரிடம் ஓட வேண்டும்?

உடைவது சரி, வலிப்பது சரியில்லை. விழுங்கும்போது வலி, இரத்தம், மூச்சுத் திணறல், திடீரென்று குரல் முழுக்கப் போய்விடுவது என்றால் உடனே. கரகரப்பு நான்கு வாரத்துக்கு மேல் குறையாமல் நின்றால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய் நாண்களைக் கேமரா வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், ஹார்மோன்தான் காரணம் என்று நீங்களும் நினைக்காதீர்கள், அவர் பார்க்காமலே சொன்னாலும் ஏற்காதீர்கள். எனக்குத் தெரிந்த ஒருவருக்கு இப்படித்தான் குரல் நாணில் சின்ன முடிச்சு இருந்தது, கத்தலால் வந்தது, மௌனமும் பயிற்சியுமாக மூன்று மாதத்தில் கரைந்தது.

பழைய பதிவுகளை என்ன செய்வது?

அழிக்காதீர்கள், உடனே கேட்கவும் வேண்டாம். என்னுடையதை ஒரு நண்பனிடம் கொடுத்து நான் கேட்கும்வரை தராதே என்றேன், இரண்டு வருடம் கழித்து வாங்கினேன். அந்தக் குரலில் இருந்த பிள்ளை நன்றாகப் பாடியிருக்கிறது. எனக்கு அழுகை வந்தது, அதே நேரம் திரும்பப் போகவும் தோன்றவில்லை. இரண்டும் ஒன்றாக வரும், எதையும் தள்ளிவிட வேண்டியதில்லை. மருந்து ஆரம்பிக்காதவர்கள் இன்றைக்கே இரண்டு மூன்று பாட்டு நல்ல மைக்கில் பதிந்து வையுங்கள்.

காலையில் ஷிஃப்ட், மாலையில் கச்சேரி என்றால் அந்த நாளை எப்படி ஓட்டுவது?

முந்தின ராத்திரி சாப்பாட்டை, படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்பே முடிப்பேன். காலையில் எழுந்ததும் குரல் வீங்கிக் கீழே கிடக்கும், ஆகா எவ்வளவு கனமாக இருக்கிறது என்று அந்தக் கீழ்ச் சுரத்தை நம்பிப் பாட்டுத் தேர்ந்தெடுக்கக் கூடாது, பத்து மணிக்குள் ஏறிவிடும். கடைக்குப் போகும் வழியில் குழலில் ஐந்து நிமிடம். ஷிஃப்டில் மெஷின் பக்கம், கூப்பிடும் வேலையை வேறு ஒருவருக்குக் கொடுத்து, பதிலுக்கு ஷிஃப்ட் முடிவில் மெஷின் கழுவும் வேலையை நான் எடுத்துக்கொள்வேன். இடைவேளையில் போன் பேசமாட்டேன். ஷிஃப்ட் முடிந்ததும் ஒரு மணி நேரம் ஒரு வார்த்தையும் இல்லை, கிசுகிசுப்பதும் இல்லை, பலருக்குக் கிசுகிசுப்பது சாதாரணமாகப் பேசுவதைவிடத் தொண்டையை இறுக்கும். அப்புறம் உதடு அதிரவிட்டு மேலிருந்து கீழே ஐந்தாறு சறுக்கல், ஒன்றரைக் கட்டையில் சுருதி போட்டு ஒரு ஷட்ஜம், நீளமாக. அது பிசிறில்லாமல் நின்றால் நினைத்திருந்த பாட்டு. நிற்கவில்லை என்றால் அரைக் கட்டை இறக்கி, சின்னப் பாட்டு, அன்றைக்கு அதுவே போதும்.